பழைய சாமி படங்களை அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும்

தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டுக்குக் குடிபோகும் நாளில் லோரியில் முதலில் ஏறுவது பீரோவும் கட்டிலும். கடைசி வரை சுவரோரம் சாய்ந்து நிற்பவை சாமி படங்கள். புது வீட்டில் புதுச் சாமி மேடையும் புதுப் படங்களும் வந்துவிடும். பழையவற்றைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. கோயில் அரசமரத்தடியில் வைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேறிய காலம் முழுக்க இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. அங்கே இரண்டு மழை போதும், எழுபது எண்பது வருடத்துக் காகிதம் கூழாகிவிடும்.

மரத்தடிக்குக் கொண்டுபோகும் முன் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலான படங்களுக்குச் சந்தையில் விலை இருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆயிரக்கணக்கில் அச்சடித்தவைதானே. ஆனால் பத்துப் படங்களுக்கு நடுவே ஒன்று கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சடிக்கும் பழைய முறை) வந்த பழைய படமாக இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க சாமி முகத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. முகம் எல்லாப் பிரதியிலும் ஒன்றுதான். எங்கே அச்சானது, எப்போது வந்தது, யார் வீட்டில் இருந்தது என்று சொல்பவை படத்தின் விளிம்பும் முதுகும்தான். வீட்டில் நாம் முதலில் நறுக்குவதும், துடைப்பதும், கிழித்துப் போடுவதும் அந்த இரண்டைத்தான்.

இறக்கி வைக்கும் முன்

தேவையானவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வேண்டும். நகை செய்யும் பத்தர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அதேதான். அளவு நாடா, மென்மையான 2பி பென்சில், தடித்த துவாலை, சின்னக் குறடு, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதாக்கதிர் டார்ச், கைப்பேசி. ஈரத்துணியும் கண்ணாடி துடைக்கும் தெளிப்பானும் அந்த அறைக்குள்ளேயே வர வேண்டாம்.

படம் சுவரில் தொங்கும்போதே ஒரு புகைப்படம் எடுங்கள். அது எந்த வரிசையில், எந்தச் சாமிக்குப் பக்கத்தில் இருந்தது என்பது பிறகு நினைவில் நிற்காது. இறக்கும்போது மேல்கயிற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள். பழைய கயிறும் துருப்பிடித்த கம்பியும் அந்த நிமிடத்தில்தான் அறும். சட்டத்தின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து இறக்கி, துவாலைமேல் முகம் கீழாகப் படுக்க வையுங்கள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டிவிட்டு, பிறகு திருப்புங்கள். ஒட்டுநாடா கண்ணாடியோடு நிற்க வேண்டும், காகிதத்தில் எங்கும் படக்கூடாது.

முதுகு சொல்லும் செய்தி

தோட்டத்து வீட்டுப் படங்களின் பின்புறம் பெரும்பாலும் மெல்லிய பலகையோ அட்டையோ இருக்கும். தூசி புகாமல் அதற்கும் படத்துக்கும் நடுவில் பழைய செய்தித்தாள் வைப்பது வழக்கம். இந்தச் செய்தித்தாள்தான் உங்கள் கையில் கிடைக்கும் முதல் சாட்சி. தேதி தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. சிங்கப்பூர்த் தமிழ் முரசு 1935இல் தொடங்கியது. தலைப்பு கிழிந்து போயிருந்தாலும் விளம்பரமும் படம் ஓடும் கொட்டகைப் பெயர்களும் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். செய்தித்தாளின் தேதி, படத்துக்குக் கண்ணாடி போட்ட காலத்தைச் சொல்லும். அச்சான காலத்தை அல்ல. படம் அதற்கு முன்பே வந்திருக்கலாம். பழைய சட்டத்தைக் கழற்றிப் புதிதாகக் கண்ணாடி போட்டவர் அன்றைய தாளை வைத்திருக்கலாம். ஆகையால் 1962ஆம் ஆண்டுத் தாள் இருந்தால் ‘1962இலோ அதற்குப் பிறகோ கண்ணாடி போட்டது’ என்று எழுதுங்கள், ‘1962ஆம் ஆண்டுப் படம்’ என்று எழுதாதீர்கள். எப்போதாவது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தாள்கள் இருக்கும். உள்ளே இருப்பது பழையது என்றால் படத்துக்கு இரண்டு முறை கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

பலகையின் மூலையில் கண்ணாடி போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் எஃப்.எம்.எஸ். என்றிருந்தால் அது கூட்டு மலாய் மாநிலக் காலத்துச் சீட்டு. அந்த ஏற்பாடு 1946இல் முடிந்துவிட்டது. மலாயா என்றிருந்தால் பெரும்பாலும் 1963க்கு முந்தியது. மலேசியா என்றிருந்தால் நிச்சயம் 1963க்குப் பிந்தியது. தொலைபேசி எண் மூன்று நான்கு இலக்கத்தோடு நின்றால் அதுவும் வயதுக்கு ஓர் அடையாளம். பழைய சீட்டை அப்படியே அடித்து வைத்திருந்து பல ஆண்டு ஒட்டும் கடைகளும் உண்டு, எனவே சீட்டு ஒன்றை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம்.

பின்பலகையைத் திறந்துதான் ஆக வேண்டுமா? சீட்டும் விளிம்பும் வெளியிலிருந்தே தெரிந்தால் வேண்டாம். திறப்பதென்றால் ஆணிகளைக் குறடால் நேராக இழுங்கள். திருப்புளியை நெம்புகோலாகக் கொடுத்து உள்பக்கம் நெம்பினால் முனை வழுக்கிக் காகிதத்தைக் கிழிக்கும். எடுத்த செய்தித்தாள், சீட்டு, ஆணிக்கடியில் இருந்த அட்டைத் துண்டு எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு அந்தப் படத்தின் எண்ணை எழுதுங்கள். ஆனால் செய்தித்தாளைப் படத்தோடு திரும்ப வைக்காதீர்கள். அதன் அமிலம்தான் படத்தின் முதுகைப் பழுப்பாக்கியது.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தகரக் கூரைக்கடியில் வெக்கையும் ஈரமும் சேர்ந்து மையையும் மேல்பூச்சையும் இளக்கிக் கண்ணாடியில் ஒட்ட வைத்துவிடும். உரித்தால் சாமியின் முகம் கண்ணாடியோடும் வெள்ளைக் காகிதம் உங்கள் கையோடும் வரும். கண்ணாடியோடு சேர்த்தே அதை வைத்திருங்கள், படமெடுங்கள், விற்பதென்றாலும் அப்படியே விற்றுவிடுங்கள்.

விளிம்பில் என்ன படிக்க வேண்டும்

படத்துக்கு அடியில் இருக்கும் வெள்ளை விளிம்பில் அரை எறும்பு உயரத்துக்குச் சின்ன எழுத்துகள் ஓடும். ஓவியர் பெயர், அச்சகம், வெளியிட்டவர், ஊர், சில சமயம் வரிசை எண். சட்டத்தின் உதடு மறைத்திருக்கும் என்பதால் வெளியே தெரியாது. கண்ணாடி போடும் கடையில் சட்டத்துக்கு அளவாக வெட்டியிருந்தால் இந்த வரியே போயிருக்கும். நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 14க்கு 20 அங்குலம் பழைய படங்களில் அடிக்கடி கண்ணில் படும் அளவு. உங்களுடையது 13க்கு 18½ என்றால் நாலு பக்கமும் கத்தி பட்டிருக்கலாம்.

ஊர்ப் பெயர் நல்ல தேதி காட்டி. கராச்சி முகவரி இருந்தால் அது பிரிவினைக்கு முந்தியது. பிற்காலத்தில் டெல்லியிலும் பம்பாயிலும் இயங்கிய பிரிஜ்பாசி நிறுவனம் 1947க்கு முன் கராச்சியில்தான் இருந்தது. அவர்கள் சில படங்களை ஜெர்மனியில் அச்சடித்தார்கள். ‘ஜெர்மனியில் அச்சிட்டது’ என்ற வரியைக் கண்டால் அந்தப் படத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது, இந்தியாவில் அந்த எண் அப்போதுதான் வந்தது. வெறுமே மதராஸ்-1 என்பதுபோல் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. சிவகாசி என்பதோடு இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் 1985க்கு முந்தியதாகக் கொள்ளலாம், மாவட்டம் பிரிந்தது அந்த ஆண்டில்தான். மதராஸ் சென்னையானது 1996இல். பழைய தகட்டிலேயே தொடர்ந்து அச்சடித்தவர்கள் இருந்ததால் இந்த ஆண்டுகளில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

தமிழ் எழுத்திலும் ஒரு தடயம் உண்டு. படத்தின் அடியில் ‘பழனியாண்டவர் துணை’, ‘கஜலெட்சுமி’ என்று பெயர் இருந்தால் லை, னை, ணை, ளை எழுத்துகளைப் பாருங்கள். யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய ஐகாரம் இருந்தால், ணா, றா, னா எழுத்துகளில் கால் தனியாக நிற்காமல் அடியில் சுழித்துச் சேர்ந்திருந்தால், அது சீர்திருத்தத்துக்கு முந்திய எழுத்து. தமிழக அரசு அந்த எழுத்துகளை மாற்றியது 1978இல். அதற்குப் பிறகும் சில காலம் பழைய வடிவம் ஓடியது என்றாலும், புதிய வடிவம் இருக்கிற படத்தை ‘எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டு வந்தது’ என்று ஒருவர் விற்க வந்தால் இந்த ஓர் எழுத்தே பதில் சொல்லிவிடும்.

காலண்டர் படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மளிகைக் கடை, நகைக் கடை, துணிக் கடை கொடுத்த காலண்டரில் தேதித் தாள் தீர்ந்ததும் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போடுவது நம் வீடுகளின் வழக்கம். வெட்டப்பட்ட அந்தக் கீழ்ப்பட்டையில்தான் கடைப் பெயரும் ஆண்டும் இருந்தன. எங்காவது பட்டையோடு சேர்ந்து தப்பிய காலண்டர் கிடைத்தால், சாமி சாதாரணப் படமே ஆனாலும், அதைக் கைவிடாதீர்கள். சிவகாசியில் மொத்தமாக அச்சடித்த படத்தின்மேல் உள்ளூர்க் கடைப் பெயரை ஒற்றை நிறத்தில் பிறகு அச்சடிப்பார்கள். லூப்பில் பார்த்தால் அந்த எழுத்து படத்தின் மைக்கு மேலே தனியாக உட்கார்ந்திருப்பது தெரியும். மூடிப்போன பல கடைகளுக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே அச்சுச் சான்று அதுவாக இருக்கலாம்.

லூப்பை வைத்து ஒரு கஜலட்சுமி

கஜலட்சுமி படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாமரைமேல் அம்மன், இரண்டு பக்கமும் யானை. முகத்தில் தொடங்காமல் கன்னத்தில் நிழல் விழும் இடத்தில் லூப்பை வையுங்கள். அங்கேதான் அச்சடித்த முறை ஒளிந்திருக்கும்.

கல்லச்சுப் படமாக இருந்தால் நிழல் முழுக்கக் கையால் வைத்த புள்ளிகள் தெரியும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று வால் முளைத்த கமாபோல். வரிசை இருக்காது. சிவப்பு, இளஞ்சிவப்பு, பழுப்பு, மஞ்சள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி மை. ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று பத்துக் கல்லுக்கு மேலும் ஒரே படத்துக்குப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் காகிதம் அச்சு இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும் என்பதால் எங்காவது ஒரு நிறம் மயிரிழை நகர்ந்திருக்கும். உதட்டின் ஓரத்திலும் மூக்குத்தியிலும் பாருங்கள், சிவப்பு மை கோட்டைத் தாண்டி நிற்கும். அது குறையல்ல, நல்ல அடையாளம். பொன் நிற மை பூசிய கிரீடத்தைச் சாய்த்துப் பார்த்தால் மின்னும். பல படங்களில் அது பச்சையாகவோ பழுப்பாகவோ மங்கியிருக்கும்.

ஆஃப்செட் (தகடுகளால் நான்கு நிறத்தில் அச்சடிக்கும் பிற்கால முறை) படமாக இருந்தால் அதே கன்னத்தில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கு நிறப் புள்ளிகள் மட்டும் சீரான வரிசையில் நின்று, சின்னச் சின்னப் பூக்கள்போல் வட்டம் வட்டமாகத் தெரியும். அம்மனின் சிவப்புப் புடவைகூட மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்த புள்ளிக் கூட்டம்தான். சிவகாசியிலிருந்து மலாயாவுக்கும் மலேசியாவுக்கும் வந்து குவிந்த படங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. இன்றைய கணினி அச்சு இன்னொரு மாதிரி: வரிசையும் இல்லை, கைப்புள்ளியும் இல்லை, மைத் தூறல் விழுந்ததுபோல் நுண்ணிய சிதறல். கறுப்புக் கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்காது.

அறையை இருட்டாக்கி ஊதாக்கதிர் டார்ச்சை விளிம்புக் காகிதத்தில் அடியுங்கள். நீலமாகப் பளிச்சிட்டால் காகிதத்தில் வெண்மையூட்டி சேர்த்திருக்கிறார்கள். காகிதத்தில் அது பரவியது 1950 வாக்கில் தொடங்கி. பளிச்சிடாவிட்டால் பழையது என்று முடிவு கட்ட முடியாது, வெண்மையூட்டி இல்லாத காகிதம் இன்றும் உண்டு. பளிச்சிட்டால் மட்டுமே இந்தச் சோதனை உறுதியாகப் பேசும்.

சில படங்களில் அம்மன் புடவை மட்டும் நிஜத் துணியாக இருக்கும். சரிகை, சம்கி, முத்து ஒட்டியோ தைத்தோ இருப்பார்கள். அந்தக் காலத்து வேலையா, நேற்றைய ஒட்டு வேலையா என்று அறிய, தளர்ந்த ஒரு சம்கிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். அடியில் உள்ள அச்சு சுற்றிலும் உள்ளதைவிடக் கொழுத்த நிறத்தோடு இருந்தால் சம்கி பல காலமாக அங்கேயே இருந்து வெளிச்சத்தை மறைத்திருக்கிறது. அடியிலும் வெளியிலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் படம் வெளுத்த பிறகு ஒட்டியது. சரிகை கறுத்துப் போயிருந்தால் தேய்க்காதீர்கள்.

படத்தில் காகிதமே இல்லாமல் கண்ணாடியின் பின்பக்கத்திலேயே வண்ணம் தீட்டியிருந்தால் அது கையால் வரைந்த கண்ணாடி ஓவியம், அச்சுப் படம் அல்ல. பின்பலகையை எடுத்ததும் வண்ணம் செதில் செதிலாக நிற்பதைக் காண்பீர்கள். தூசியைக்கூட ஊதாமல் மூடிவிட்டு, ஓவியம் பராமரிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

யார் வரைந்தது, எங்கே அச்சானது

ரவி வர்மா பெயர்தான் எல்லார் வாயிலும் வரும். அவர் 1894இல் பம்பாயில் கல்லச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கத்தில் மாளவ்லிக்குப் போயிற்று, அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் கைக்கு மாறிற்று. ரவி வர்மா 1906இல் காலமானார். அச்சகமோ அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அவர் பெயரிலேயே ஓடியது. ஆகவே விளிம்பில் ரவி வர்மா பிரஸ் என்றிருப்பது அவர் வாழ்ந்த காலத்துப் படம் என்பதற்குச் சான்றாகாது. படத்துக்குள் இருக்கும் கையெழுத்தும் அப்படியே. அது கல்லில் வரைந்து அச்சடித்த கையெழுத்து, பிறகு பார்த்து வரைந்தவர்கள் அதையும் சேர்த்தே வரைந்தார்கள். ரவி உதயா என்ற பெயரில் காட்கோபரிலிருந்து வந்த படங்கள் வேறு அச்சகத்தவை, ரவி வர்மா பிரஸ் கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

ரவி வர்மா லட்சுமியைவிட நம் தோட்டத்து வீடுகளுக்கு நெருங்கியவை கோவில்பட்டிப் படங்கள் என்பது எங்கள் எண்ணம். சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகத் திரைச்சீலைகள் எழுதிக்கொண்டிருந்து கோவில்பட்டியில் தங்கியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டராகக் கடல் கடந்தன. கையெழுத்தில் குருவின் பெயரோடு டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் போன்ற சீடர் பெயரும் சேர்ந்து வருவது உண்டு. இரண்டு பெயர் இருப்பதைப் போலி என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். திரைச்சீலை எழுதிய கையின் பழக்கத்தைப் பின்னணியில் பார்க்கலாம்: தூண்களும் தொங்கும் திரையும் தூரத்து மலையும் ஒரு மேடைபோல் விரியும், சாமி நேராக நம்மைப் பார்த்து நிற்கும். வடக்கத்திப் படங்களில் பி. ஜி. சர்மா, எஸ். எம். பண்டிட், முல்காவ்கர் பெயர்கள் அடிக்கடி வரும். சென்னைப் படங்களில் கே. மாதவன் பெயரைத் தேடுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டில் இருக்கும் திரு இருதயப் படம், வேளாங்கண்ணி மாதா படம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஐரோப்பாவில் அச்சான கல்லச்சுப் படங்கள் அவற்றில் கலந்திருக்கும். பழுப்பு நிறப் பின்னணியில் பக்கவாட்டில் பார்க்கும் இயேசு முகம் பெரும்பாலும் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் வரைந்ததன் அச்சு; கோடிக்கணக்கில் அடித்தது என்பதால் விலை எதிர்பார்க்க வேண்டாம். நாகூர் தர்கா, மக்கா படங்களிலும் விளிம்பையும் முதுகையும் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

பழையதுபோல் வேடம் போட்டவை

பழம்பொருள் சந்தையிலும் இணையத்திலும் தேயிலைச் சாயத்தில் முக்கிய புதுப் படங்கள் நிறைய. நிஜமாக வயதான காகிதத்தில் சட்டத்தின் உதடு மறைத்த பகுதி வேறு நிறத்தில் இருக்கும், ஓரம் உடையும், முதுகில் பலகையின் ரேகை பதிந்திருக்கும். சாயம் போட்டதில் முன்னும் பின்னும் ஒரே பழுப்பு.

இன்னொரு வகை, பழைய படத்தை ஸ்கேன் செய்து அடித்தது. அதில் பழைய படத்தின் மடிப்பும் நீர்க்கறையும் புள்ளிகளும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். கண்ணுக்கு மடிப்பு தெரியும். விரல் நுனியை மெல்ல ஓட்டினால் மொழுமொழுவென்று இருக்கும். லூப்பில் பார்த்தால் அந்த மடிப்பே நான்கு நிறப் புள்ளிகளால் ஆனது. கல்லச்சின் கைப்புள்ளிகளுக்கு மேல் சீரான புள்ளி வரிசை இன்னொன்று தெரிந்தாலும் அதே கதைதான். இதை மட்டும் பழகிக்கொண்டால் ஏமாற வாய்ப்பு மிகக் குறைவு.

எதனால் மதிப்புக் குறைகிறது

வெட்டப்பட்ட விளிம்பும் லேமினேட்டும்தான் பெரிய இழப்புகள். பிளாஸ்டிக் ஒட்டிச் சூடு கொடுத்து லேமினேட் செய்த படத்தை மீட்க வழியில்லை. ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று பாட்டியின் படத்தை லேமினேட் கடைக்கு எடுத்துப் போகிறவர்களைத் தயவுசெய்து தடுங்கள்.

வெயில் பட்ட ஆஃப்செட் படத்தில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். முருகன் நீலம் பூத்துத் தெரிவது அதனால்தான். இதைச் சரிசெய்ய முடியாது. கரையான் முதுகிலிருந்து வரும், வெள்ளிப்பூச்சி பசையும் மேல்பூச்சும் உள்ள இடத்தைச் சுரண்டித் தின்னும். பழுப்புப் புள்ளிகள் ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் வருபவை. முகத்திலும் கையிலும் விழுந்த சேதம், வானத்தில் விழுந்த சேதத்தைவிடப் பல மடங்கு விலையைக் குறைக்கும்.

சந்தனமும் குங்குமமும் கண்ணாடிமேல் இருந்தால் சேதமே இல்லை, பூஜையில் இருந்த படம் என்பதற்கு அடையாளம். காகிதத்தில் பட்டிருந்தால் கறைதான், இருந்தாலும் கை வைக்காதீர்கள். கடையில் வாங்கும் குங்குமத்தில் சாயம் உண்டு; ஈரம் பட்டதும் ஒரு பொட்டு நெற்றி முழுக்க ஓடும். ரொட்டித் துண்டால் தேய்ப்பது, உருளைக்கிழங்கால் துடைப்பது, வெயிலில் காய வைப்பது எல்லாமே படத்தைக் கெடுக்கும். கண்ணாடியைத் துடைப்பதென்றால் தெளிப்பானைத் துணியில் அடித்துத் துடையுங்கள். கண்ணாடியில் நேராக அடித்தால் நீர் வழிந்து கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் இறங்கும். நம் வீட்டுப் படங்களில் அடி ஓரம் மட்டும் அலை அலையாகக் கறைபட்டிருப்பதற்குப் பாதி காரணம் வெள்ளிக்கிழமைத் துடைப்புதான்.

விலை போடுவது

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை, விலையே அல்ல. ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதி மூன்று வருடம் விற்காமல் கிடக்கும் படங்கள் உண்டு. ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலங்களையும், இணையச் சந்தையில் ‘விற்றுவிட்டது’ என்று காட்டும் பட்டியலையும் மட்டும் பாருங்கள். அதே படம், அதே அச்சகம், அதே அளவு மூன்றும் பொருந்த வேண்டும். லட்சுமிக்கு லட்சுமி என்று ஒப்பிட்டால் கணக்கு தவறும்.

கணக்குப் போடும் முறைக்கு ஓர் உதாரணம், எண்கள் கற்பனையானவை. பொருந்திய மூன்று விற்பனைகள் 180, 220, 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 600 ஒன்று ஏன் உயர்ந்தது என்று பாருங்கள்: சம்கி வேலையோ, முழு விளிம்போ இருந்திருக்கும். உங்களுடையதில் அது இல்லையென்றால் நடு விலை 220ஐ எடுங்கள். அச்சக வரி வெட்டுப்பட்டிருந்தால் பாதியைக் கழிப்பது எங்கள் வழக்கம்: 110. முகத்துக்கு வெளியே நீர்க்கறை இருந்தால் மீதியில் கால் பங்கு: 82 அல்லது 83. இதிலிருந்து விற்பனைத் தளத்தின் கழிவும், கட்டும் செலவும், தபால் செலவும் போகும். கடைக்காரரிடம் கொடுத்தால் அவர் விற்கப்போகும் விலையில் பாதிக்கும் குறைவாகத்தான் தருவார், கடை வாடகையும் விற்காமல் தேங்கும் ஆபத்தும் அவர் தலையில் என்பதால் அது நியாயமே.

விலை கேட்டு யாருக்காவது படம் அனுப்புவதென்றால் ஆறு புகைப்படங்கள் போதும்: முழுமுகம், அடி விளிம்பு, மோசமான மூலை, முதுகு, கடைச் சீட்டு, லூப் வைத்து எடுத்த கன்னம். அளவையும் எழுதுங்கள். தபாலில் அனுப்பும்போது கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். உடைந்த கண்ணாடி வழி முழுக்கப் படத்தை அறுத்துக்கொண்டே போகும். ஒட்டிப்போன படத்தைத் தபாலில் அனுப்பவே வேண்டாம், வாங்குகிறவர் வந்து எடுத்துப் போகட்டும்.

சந்தை கொடுக்காத விலை ஒன்றும் இருக்கிறது. எந்தத் தோட்டம், எந்த லயம், யார் வாங்கியது, தைப்பூசத்துக்குக் கல்லுமலை போனபோது வாங்கியதா, கப்பலில் வந்ததா? “பாட்டி, இந்தப் படம் நம்ம வீட்டுக்கு எப்ப வந்துச்சு?” என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி ஒரு தனி அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். படத்தின் முதுகில் எழுதாதீர்கள், பேனா மை ஊறி முன்பக்கம் வரும். தோட்டப் பெயரும் ஆண்டும் உள்ள அட்டையோடு இருக்கும் சாதாரண சிவகாசிப் படத்தை, அட்டை இல்லாத நல்ல படத்துக்கு முன்னால் வைக்க நாங்கள் தயங்கமாட்டோம். தோட்டமே இல்லாமல் போன பிறகு அந்த வீட்டின் முகவரி வேறெங்கும் கிடைக்காது.

திரும்ப மாட்டும்போது

குளியலறை, சமையலறைக்குப் பின்சுவர் வேண்டாம், மேற்கு வெயில் படும் சுவரும் வேண்டாம். சட்டத்தின் இரண்டு கீழ்மூலைகளிலும் பின்னால் ஐந்து மில்லிமீட்டர் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும் இடைவெளி வேண்டும். அமிலமில்லாத அட்டையில் ஜன்னல்போல் வெட்டிய ஓரம் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடும் கடையில் மூன்று விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: விளிம்பை வெட்டக்கூடாது, பசையால் அட்டையில் முழுதாக ஒட்டக்கூடாது, ஒட்டுநாடா கூடாது. படத்தின் மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமை மாவுப் பசையால் இரண்டு இடத்தில் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். பசை கொஞ்சமாக இருக்கட்டும், பூச்சிக்கும் அது பிடித்த தீனி.

எண்ணெய் விளக்கும் சாம்பிராணியும் படத்தின் நேர் அடியில் இல்லாமல் இரண்டடியாவது முன்னே இருக்கட்டும். பழைய படத்தை ஸ்கேன் செய்து அந்தப் பிரதியைச் சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டு, அசலை வரவேற்பறையின் நிழலான சுவரில் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அது நல்ல ஏற்பாடு.

பூச்சி ஓடும் படம் கிடைத்தால் மற்றப் படங்களிலிருந்து உடனே பிரியுங்கள். சட்டமும் கண்ணாடியும் கழற்றிய, ஈரமில்லாத, கண்ணாடியில் ஒட்டாத காகிதம் என்றால் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றை வெளியேற்றி மூடி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுதும் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் குளிர்ந்த காகிதத்தில் நீர் கோத்துக்கொள்ளும்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகும் வைத்துக்கொள்ள முடியாதவை என்று சில மிஞ்சும். அவற்றின் கண்ணாடியையும் ஆணியையும் கழற்றித் தாளில் சுற்றித் தனியாகக் கழியுங்கள். மரத்தடியில் உடைந்து கிடக்கும் கண்ணாடி கோயிலுக்கு வரும் பிள்ளைகளின் காலைத்தான் கிழிக்கும். காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கோயில் நிர்வாகத்தாரிடம் பழைய படங்களை வாங்கிக்கொள்கிறார்களா, எந்த நாளில் கொண்டு வரலாம் என்று முதலில் கேளுங்கள். பிளாஸ்டிக் பூசிய படங்களை ஆற்றில் விடவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.